திருச்சி அரண்மனையும் திருவரங்கத்துத் தந்தப் படிமங்களும்

திருச்சிராப்பள்ளி நகரில் பழங்கலைப் பொருள்களைக் காண இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, மலைக்கோட்டைக்கு அருகே இராணி மங்கம்மாள் மகால் எனப்படும் பழைய தர்பார் மண்டபத்தில் இயங்கும் அரசு அருங்காட்சியகம். மற்றொன்று, காவிரிக்கு வடக்கே திருவரங்கம் (ஸ்ரீரங்கம்) அரங்கநாதசுவாமி கோயிலுக்குள் உள்ள கோயில் அருங்காட்சியகம். முன்னது தமிழ்நாடு அரசின் அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தது. பின்னது இந்து சமய அறநிலையத் துறையின் நிருவாகத்தில் உள்ள கோயிலின் ஒரு பகுதி.

இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டர்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு ஒரு முரண் புலப்படும். நாயக்க மன்னர்கள் கொலுவிருந்த மாளிகையில் அவர்களுடைய கருவூலம் இல்லை. அம்மன்னர்களின் முகம் எப்படி இருந்தது, என்ன உடுத்தினார்கள், எவ்வாறு நின்றார்கள் என்று அறிய விரும்பினால் ஆற்றைக் கடந்து கோயிலுக்குத்தான் போகவேண்டும். அரசர் வீட்டில் இருந்தவை சிதறிப்போக, அரங்கன் வீட்டில் கொடுத்தவை நிலைத்தது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மங்கம்மாள் மகால்

மாளிகையின் பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. இதைக் கட்டியவர் இராணி மங்கம்மாள் அல்லர்; அவருடைய கணவர் சொக்கநாத நாயக்கர் (ஆட்சி 1659–1682). சொக்கநாதரின் பாட்டனார் திருமலை நாயக்கர் மதுரையைத் தலைநகராகக் கொண்டு அங்கே பெரிய அரண்மனை கட்டியவர். பேரன் ஏறத்தாழ 1665-இல் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். திருச்சியில் அரண்மனை எழுப்புவதற்காக மதுரை அரண்மனையின் சில பகுதிகளைப் பிரித்து அதன் பொருள்களைக் கொண்டுவந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பாட்டன் கட்டியதைப் பேரன் இடித்தான் என்று மதுரைக்காரர்கள் இன்றும் குறைப்பட்டுக்கொள்வது இதனால்தான். அப்படி எழுப்பிய திருச்சி அரண்மனையும் முழுதாக நிலைக்கவில்லை என்பது வேறு செய்தி. இன்று எஞ்சியிருப்பவற்றுள் முதன்மையானது குவிமாடம் கொண்ட தர்பார் மண்டபம். அதைச் சுற்றியுள்ள கட்டடங்களில் அரசு அலுவலகங்கள் இயங்குகின்றன.

சொக்கநாதருக்குப் பின் மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் ஏழாண்டுகள் ஆண்டு, 1689-இல் பெரியம்மை கண்டு இறந்தார். பேரன் கைக்குழந்தை. அவனுக்காகப் பாட்டி மங்கம்மாள் 1706 வரை ஆட்சிப் பொறுப்பை நடத்தினார். சாலைகளும் சத்திரங்களும் அவர் பெயரைத் தென்மாவட்டங்கள் எங்கும் பரப்பின. மக்கள் நினைவில் நின்ற பெயர் அவருடையது. மாளிகைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. அந்தக் குழந்தைதான் பின்னர் விஜயரங்க சொக்கநாதர் (1706–1732). திருவரங்கத்தின் வரலாற்றில் அவர் மீண்டும் வருவார்.

கைமாறிய கோட்டை

விஜயரங்க சொக்கநாதர் பிள்ளையில்லாமல் 1732-இல் இறந்தார். அவருடைய அரசி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். வாரிசுரிமைச் சண்டை மூண்டது. சமாதானம் செய்ய வந்த ஆர்க்காட்டு நவாபின் உறவினர் சந்தா சாகிபு 1736-இல் கோட்டையைத் தாமே கைப்பற்றினார். குர்ஆன் மீது ஆணையிடுவதாகச் சொல்லிப் பட்டுத்துணியில் செங்கல்லைச் சுற்றி அதன்மேல் கைவைத்தார் என்றொரு கதை திருச்சியில் வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, மீனாட்சி நஞ்சுண்டு இறந்ததும் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்ததும் உண்மை.

அதற்குப் பின் அந்தக் கோட்டைக்கு ஓய்வில்லை. 1741-இல் இரகுஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை கைப்பற்றியது. 1743-இல் நிஜாம் வந்தார். 1751-இல் முகமது அலி கோட்டைக்குள் இருக்க, சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் முற்றுகையிட்டனர். பல ஆண்டுகள் நீண்ட இந்தப் போரில் ஒவ்வொரு தரப்பும் படைச்செலவுக்குப் பணம் தேடியது. பொன்னும் வெள்ளியும் உருக்கப்பட்டால் அவற்றின் வடிவம் மறைந்துவிடும். யாருடையது என்ற தடயமும் மறைந்துவிடும். 1801-இல் கர்நாடகம் கும்பினியின் நேரடி ஆட்சிக்கு வந்தபோது திருச்சி அரண்மனை ஒரு வெறும் கட்டடமாகவே கைமாறியது. அரண்மனைப் பொருள்களுக்கு உரிமையாளர் அரசர். அரசர் மாறினால் பொருளின் உரிமையும் மாறும். வெற்றி பெற்றவன் எடுத்துக்கொள்வது அக்கால வழக்கத்தில் களவாகக் கருதப்படவில்லை.

அரசு அருங்காட்சியகம்

திருச்சி அரசு அருங்காட்சியகம் 1983-இல் தொடங்கப்பட்டது. பின்னர்தான் மங்கம்மாள் மகாலுக்கு வந்தது. தொல்லியல், நாணயவியல், மானிடவியல், நிலவியல், விலங்கியல் என்று பல துறைப் பொருள்கள் அங்கே உள்ளன. ஒரு மாவட்டத்தைப் பற்றிய எல்லாவற்றையும் ஓரிடத்தில் காட்டவேண்டும் என்பது மாவட்ட அருங்காட்சியகங்களின் நோக்கம். ஆகவே சிற்பத்துக்குப் பக்கத்தில் பதப்படுத்திய பறவையைக் கண்டு வியக்கவேண்டியதில்லை.

இந்த வட்டாரத்து அருங்காட்சியகத்தில் புதைபடிவங்களுக்குத் தனி இடம் இருப்பது இயல்பே. அரியலூர், பெரம்பலூர் பகுதிகள் பழைய திருச்சி மாவட்டத்தில் இருந்தவை. டைனோசர்கள் வாழ்ந்த கிரிடேசியக் காலத்தில் அங்கே கடல் இருந்தது. இன்றும் வயல் வெளியிலும் சுண்ணாம்புச் சுரங்கத்திலும் கடல் உயிரிகளின் கல்லான ஓடுகள் கிடைக்கின்றன. 1846-இலேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் தென்னிந்தியப் புதைபடிவங்களை ஆராய்ந்து எழுதினார். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

தோட்டத்தில் நிறுத்தப்பட்டுள்ள கற்சிற்பங்கள்தான் கலை ஆர்வலரை நிறுத்திவைக்கும். இவை அரண்மனைக்காகச் செதுக்கப்பட்டவை அல்ல. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்தவை. கோயில் இடிந்து சிற்பம் வயலில் கிடந்திருக்கும். குளம் தூர்வாரும்போது வெளிப்பட்டிருக்கும். கை உடைந்ததால் வழிபாட்டிலிருந்து நீக்கி ஓரமாகச் சாத்தி வைத்திருப்பார்கள். பின்னமான திருமேனியை வழிபடுவதில்லை என்பது ஆகம மரபு. ஊருக்குப் பயன்படாமல் போனதுதான் அச்சிற்பம் அருங்காட்சியகத்துக்கு வரும் வழியாக அமைந்தது.

மண்ணிலிருந்து கிடைக்கும் பொருளுக்குச் சட்டம் ஒரு வழி வகுத்திருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் 1878-ஆம் ஆண்டின் பத்து ரூபாய் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது ஐம்பொன் திருமேனி கிடைத்தது, வட்டாட்சியர் வந்து எடுத்துச் சென்றார் என்று காவிரிப் படுகையில் இன்றும் அவ்வப்போது செய்தி வருகிறது. இவற்றுள் பல, படையெடுப்புக் காலங்களில் கோயிலார் தாமே மணலிட்டுப் புதைத்தவை. ஆபத்து நீங்கியபின் எடுக்கலாம் என்று புதைத்தவர்கள் எடுக்க வராமலே போனார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற செப்புத் திருமேனிகளில் பல இவ்வாறு மண்ணிலிருந்து வந்தவையே.

திருவரங்கம் காத்த முறை

திருவரங்கம் கோயிலும் பாதுகாப்பான இடமாக இருக்கவில்லை. 1311-இல் மாலிக் காபூரின் படையும் 1323-இல் உலூக் கானின் படையும் வந்தன. இரண்டாம் படையெடுப்பின்போது வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் உற்சவரை எடுத்துக்கொண்டு தெற்கே சென்றார், வழியிலேயே உயிர்நீத்தார். உற்சவர் கேரளம், மேல்கோட்டை, திருப்பதி, செஞ்சி என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு அலைந்தார். விஜயநகரத் தளபதி கோபண்ணர் 1371-இல் அவரைத் திரும்ப எழுந்தருளச் செய்தார். சக ஆண்டு 1293 எனக் குறிப்பிட்டு அச்செய்தியைக் கூறும் வடமொழிக் கல்வெட்டு கோயில் சுவரில் உள்ளது.

பிரெஞ்சுப் போர்க்காலத்தில் கோயிலே படைமுகாம் ஆயிற்று. நெடிய மதில்கள் ஏழு சுற்றாகச் சூழ்ந்த கோயில், நான்கு பக்கமும் ஆறு. தளபதிகளுக்கு இதைவிட வசதியான கோட்டை கிடைக்குமா? 1752 ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா தம் படையுடன் இங்கேதான் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். ரஷ்யாவின் செங்கோலில் உள்ள ஏறத்தாழ 190 காரட் ஓர்லோவ் வைரம் திருவரங்கத்துப் பெருமாளின் கண்ணிலிருந்து ஒரு பிரெஞ்சு வீரன் களவாடியது என்னும் கதை இக்காலத்தையே களமாகக் கொண்டது. இணையத்தில் பலர் இதை வரலாறாகவே எழுதுகிறார்கள். உறுதியான சான்று எதுவும் அதற்குக் காட்டப்பட்டதில்லை. அது முகலாயர் கருவூலத்து வைரம் என்னும் கருத்தும் உண்டு. மாணவர்கள் இக்கதையைக் கதை என்று குறிப்பிட்டே எழுதுவது நல்லது.

இத்தனைக்கும் பிறகு கோயிலில் பொருள்கள் எஞ்சியதற்குக் காரணம் என்ன? கோயிற்பொருளின் உரிமையாளர் மாறுவதில்லை என்பதே முதற்காரணம். மன்னர் அளித்த பொருள் அளித்த கணத்திலிருந்து பெருமாளுடையது. நாயக்கர் போய் நவாபு வந்தாலும், நவாபு போய்க் கும்பினி வந்தாலும் அரங்கநாதர் அங்கேயே இருந்தார். அவருடைய உடைமையைக் கணக்கு வைப்பது ஒரு பணி. அப்பணிக்குப் பரம்பரை உரிமையுள்ள குடும்பங்கள் இருந்தன. யார் எதைக் கொடுத்தார், எந்த மண்டபத்தை யார் கட்டினார், யாருக்கு என்ன மரியாதை என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த 'கோயிலொழுகு' அந்த நினைவாற்றலுக்குச் சான்று. இது தவிர 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் சுவர்களில் உள்ளன. அவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதியாக இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டுள்ளது.

கடவுளை உரிமையாளராகக் கொள்வது வெறும் பக்திப் பேச்சு அன்று. நம் நாட்டுச் சட்டம் கோயில் தெய்வத்தைச் சொத்துரிமையுள்ள ஒரு நபராகவே ஏற்கிறது. தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணிலிருந்து கிடைத்து இலண்டனுக்குக் கடத்தப்பட்ட நடராசர் வழக்கில், அந்தப் பாழ்பட்ட கோயிலின் சார்பில் கேட்ட உரிமையை ஆங்கில நீதிமன்றமும் ஏற்றது. 1991-இல் நடராசர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்.

தந்தப் படிமங்கள்

கோயில் அருங்காட்சியகம் அளவில் சிறியது. பல ஊர்களிலிருந்து வரும் அடியார்களின் கூட்டம் அதைக் கவனிக்காமலே உள்ளே போய்விடும். செப்புத் திருமேனிகள், செப்பேடுகள், முன்பு கோயிலில் இருந்த யானைகளின் தந்தங்கள் முதலியன அங்கே உள்ளன. அங்குள்ள தந்தங்களைப் பார்த்துவிட்டு இன்றைய கோயில் யானைகளைப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். இப்போதுள்ள ஆண்டாள், லட்சுமி இரண்டும் பெண் யானைகள். ஆசிய இனத்தில் பெண் யானைக்கு நீண்ட தந்தம் வளர்வதில்லை. ஆண் யானைகள் கோயிலில் சேவித்த காலத்தின் எச்சம் அந்தத் தந்தங்கள்.

அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வம் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தந்தச் சிற்பங்கள். கடவுளர், அசுரர், அரசர், அரசியர், காதல் இணைகள் என்று பல உருவங்கள் இத்தொகுதியில் அடங்கும். தந்தச் சிற்பம் என்றதும் கேரளமும் மைசூரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நாயக்கர் காலத் தமிழகத்திலும் அக்கலை உச்சத்தில் இருந்தது என்பதற்குத் திருவரங்கமே முதன்மைச் சான்று. அதற்கும் நெடுங்காலம் முன்பே தமிழகத்தில் தந்தவேலை இருந்தது. சங்க நூலான நெடுநல்வாடை, பாண்டிமாதேவியின் கட்டில் யானை மருப்பால் அமைந்ததை விரிவாகச் சொல்கிறது.

தந்தத்தில் வேலை செய்வது கல்லில் செய்வதைப் போன்றது அன்று. யானையின் தந்தம் அடிப்பகுதியில் உள்ளீடற்றது. நுனியை நோக்கித்தான் கெட்டிப்படும். வளைந்தும் இருக்கும். ஆகவே ஒரே துண்டில் செய்யும் உருவத்தின் அளவையும் நிலையையும் தந்தமே முடிவு செய்கிறது. அகலமான தகடுகளைப் பேழை, கட்டில், பல்லக்கு போன்ற மரப்பொருள்களின் மேல் பதிப்பார்கள். மரம் உளுத்துப்போனபின் தகடு மட்டும் எஞ்சும். குறுக்காக வெட்டிய தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். எலும்பில் அவை இரா. உண்மைத் தந்தத்தை அறிய வல்லுநர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இத்தொகுதியில் பலரும் எடுத்துக்காட்டும் உருவம் திருமலை நாயக்கரும் அவர் தேவியும் என்று அறியப்படும் இணை. திருமலை நாயக்கரை மதுரைப் புதுமண்டபத்துக் கற்றூணிலும் காணலாம். அங்கே விசுவநாத நாயக்கர் முதல் திருமலை நாயக்கர் வரை பத்து மன்னர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பருத்த வயிறு, தலையணி, இடையில் குறுவாள், கூப்பிய கைகள் ஆகியவை நாயக்க மன்னர் உருவங்களில் திரும்பத் திரும்ப வருபவை. பெரிய கல்லில் சொன்னதைக் கையடக்கமான தந்தத்தில் சொல்லும்போது நகையின் ஒவ்வொரு மணியும் ஆடையின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியே வரவேண்டும். கல்தச்சன் உளியை ஓங்கி அடிப்பான். தந்தத் தச்சன் அரத்தால் அராவி, மெல்லிய உளியால் சுரண்டி எடுப்பான். இவ்வுருவங்கள் வெண்மையாகவே இருக்கவேண்டும் என்று செய்யப்பட்டவையும் அல்ல. நாயக்கர் காலத் தந்த உருவங்களில் வண்ணம் தீட்டுவது வழக்கம். இன்று நாம் காண்பது நிறம் மங்கிய மேனி.

காதல் இணைகளைக் காட்டும் படிமங்கள் கோயிலுக்குள் இருப்பது பற்றிச் சிலர் கேட்பதுண்டு. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்கள் அந்தப் பேழையருகே நடையை எட்டிப் போடுவதும் உண்டு. அரண்மனைக் கட்டிலும் அந்தப்புரப் பேழையும் இத்தகைய உருவங்களால் அழகு செய்யப்பட்டது நாயக்கர் கால அரசவைப் பண்பு. அக்காலச் சிற்றிலக்கியங்களிலும் தூண் சிற்பங்களிலும் இதே சுவை மிகுந்திருக்கிறது. திருவரங்கம் படிமங்களை அந்தச் சூழலில் வைத்துப் பார்த்தால் வியப்பு நீங்கிவிடும். அரண்மனையின் புழக்கத்தைக் காட்டும் இவ்வகைப் பொருள்கள் அரண்மனையில் எஞ்சவில்லை, கோயிலில் எஞ்சியிருக்கின்றன என்பதுதான் நாம் வியக்கவேண்டியது.

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்னும் பழமொழிக்குப் பொருள் தந்தம்தான். ஆனால் வென்றவனுக்குத் தங்கத்தைப் போலத் தந்தச் சிற்பம் உடனே பயன்படுவதில்லை. உருக்க முடியாது. உடைத்தால் மதிப்புப் போய்விடும். அவை தப்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்றைய ஆபத்து படைகளிடமிருந்து வருவதில்லை, ஈரக்காற்றிலிருந்து வருகிறது. திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. ஐப்பசி மழையில் தந்தம் ஈரத்தை உறிஞ்சும். சித்திரை வெயிலில் உலர்ந்து சுருங்கும். இப்படி ஏறி இறங்கினால் நார்வாக்கில் வெடிப்பு விழும். வெடிப்பைத் திரும்பச் சேர்க்க முடியாது. புதிதாகச் செய்துவைக்கவும் வழியில்லை. 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு வந்த திருத்தங்களும் இந்தியாவில் தந்த வணிகத்தை முற்றிலும் நிறுத்திவிட்டன. யானைக்கு அது வாழ்வு. தந்தத் தச்சர் சந்தனத்துக்கும் வேறு மரங்களுக்கும் மாறினார்கள். ஆக, திருவரங்கத்தில் இருப்பதுதான் இருப்பு.

கண்ணாடிக்குள் நிற்கும் மன்னர்

அருங்காட்சியகத்துக்கு வெளியேயும் கோயிலில் ஓர் அரசத் தொகுதி இருக்கிறது. உட்சுற்றில் கண்ணாடி அடைப்புக்குள், விஜயரங்க சொக்கநாதரும் அவர் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்கும் ஆளுயர உருவங்கள் உள்ளன. இவர் திருவரங்கத்தின் மேல் பெரும்பற்று உடையவர். கைசிக ஏகாதசி உற்சவத்துக்கு வந்த மன்னர், சேவை முடிந்துவிட்டதை அறிந்து, அடுத்த ஆண்டு கைசிகம் வரும்வரை திருவரங்கத்திலேயே தங்கினார் என்று கோயில் மரபு சொல்கிறது. ஆட்சி வலிமை குன்றிய காலத்தில் அரசர் தலநகரில் தங்காமல் தலங்களில் தங்கினார் என்று வரலாற்றாசிரியர்கள் குறைகூறுவர். இரண்டும் ஒரே செய்தியின் இரு பக்கங்கள்.

இவ்வுருவங்கள் வழிபாட்டுக்குரியவை அல்ல. மன்னர் ஊரில் இல்லாத நாளிலும், இறந்த பின்னும், பெருமாளைச் சேவித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதற்காக நிறுவப்பட்டவை. அவர் மறைந்து நான்கே ஆண்டுகளில் அரசு அழிந்தது. திருச்சி அரண்மனையில் அவர் அமர்ந்த ஆசனம் எது என்று யாராலும் காட்ட முடியாது. திருவரங்கத்தில் அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

கடல் கடந்த திருச்சிக் கலை

அரசருக்காகவோ ஆண்டவனுக்காகவோ அல்லாமல் விற்பனைக்கென்றே செய்யப்பட்ட கலைப்பொருள்களும் திருச்சியில் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் திருச்சியில் ஆங்கிலப் படை தங்கியிருந்தது. ஊர் திரும்பும் சிப்பாய்களும் அதிகாரிகளும் நினைவுப் பொருள் தேடினார்கள். நகரத்து ஓவியர்கள் மைக்கா எனப்படும் காக்காப்பொன் தகட்டில் சிறு சிறு ஓவியங்கள் வரைந்து கட்டுக்கட்டாக விற்றார்கள். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் அத்தகட்டில் தண்ணீர் சுமப்பவர், நெசவாளர், நாட்டியப் பெண், துறவி, சுவாமி புறப்பாடு எல்லாம் வரும். சில கட்டுகளில் ஓர் அட்டையில் முகம் மட்டும் இருக்கும். அதன்மேல் வெவ்வேறு உடை வரைந்த தகடுகளை மாற்றி மாற்றி வைத்தால் அதே முகம் வேறு வேறு ஆளாகிவிடும். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்திருக்கும்.

மைக்கா ஓவியத்துக்கு இந்தியாவில் பெயர்பெற்ற ஊர்கள் மூர்ஷிதாபாத், பாட்னா, திருச்சிராப்பள்ளி. இத்தகைய ஓவியக் கட்டுகள் இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் உள்ளன. வரைந்தவர்களின் பெயரை வாங்கியவர்கள் பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை. அவை சூறையாடப்பட்டவை அல்ல, விலைகொடுத்து வாங்கப்பட்டவை. ஆகவே திருப்பிக் கேட்கும் உரிமை எழவில்லை. ஆனாலும் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய திருச்சித் தெருவின் முகத்தைப் பார்க்க அந்நாட்டு அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தைத்தான் நாட வேண்டியுள்ளது.

நெட்டியில் செய்த திருவரங்கம் கோயில் மாதிரிகளும் வெள்ளிக் கம்பி நகைகளும் அதே வழியில் சென்றன. கம்பியை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னும் திருச்சிச் சங்கிலி ஐரோப்பாவில் அவ்வளவு பெயர்பெற்றது. அங்கே பழங்காலப் புதையலில் கிடைத்த அதே வகைப் பின்னலுக்கும் 'டிரிச்சினோபொலி' என்றே தொல்லியலாளர் பெயரிட்டார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள 9-ஆம் நூற்றாண்டு ட்ரூஹிடில் புதையலின் வெள்ளிச் சாட்டை அப்படிப்பட்ட பின்னலால் ஆனது. அதைச் செய்தவர் திருச்சியைக் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை!

பதிவேடும் புகைப்படமும்

பழைய திருச்சி மாவட்டத்தில் இருந்து இப்போது அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீபுரந்தான் கோயிலின் கதையை இங்கே சொல்லவேண்டும். அங்கே ஒரு சோழர் கால நடராசர் இருந்தார். பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து திருடப்பட்டு, நியூயார்க் வணிகர் ஒருவர் வழியாக 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 51 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். அது ஸ்ரீபுரந்தான் நடராசர்தான் என்று நிறுவ உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம். அந்நிறுவனம் 1950-களிலிருந்து தமிழகக் கோயில்களைச் சுற்றிப் படமெடுத்துத் தொகுத்து வைத்திருந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் அச்சிலையை டெல்லியில் இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார்.

கோயிலொழுகு எழுதிய கணக்கர்கள் செய்ததும் புதுச்சேரிப் புகைப்படக்காரர்கள் செய்ததும் ஒரே வேலைதான். படமும் பதிவும் இல்லாத கிராமக் கோயில்கள் தமிழ்நாட்டில் இன்னும் பல உள்ளன. அவற்றில் ஒரு திருமேனி காணாமற்போனால், அது இருந்தது என்று நிறுவுவதே முதல் வழக்காகிவிடும்.

திருவரங்கம் கோயில் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. 2015-இல் முடிந்த திருப்பணியில் பிற்காலத்தில் அடைந்துபோன வடிகால்களும் மண்மூடிய பகுதிகளும் மீட்கப்பட்டன. 2017-இல் பண்பாட்டு மரபுப் பாதுகாப்புக்கான யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகளில் தகுதிச் சான்று விருது அதற்குக் கிடைத்தது.

இரண்டு அருங்காட்சியகங்களையும் காண விரும்பும் மாணவர்கள் திருவரங்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. தந்த உருவங்களில் மன்னரின் உடையையும் நிலையையும் முதலில் பார்த்துக்கொண்டு, விஜயரங்க சொக்கநாதரின் ஆளுயர உருவத்தையும் கண்டுவிட்டு, பேருந்தில் ஆற்றைக் கடந்து மலைக்கோட்டைக்கு வரலாம். அதன்பின் தர்பார் மண்டபத்தின் குவிமாடத்தடியில் நின்றால், அந்த வெற்றிடத்தில் யார் எங்கே நின்றிருப்பார்கள் என்பதை மனத்தில் நிறுத்திப் பார்ப்பது எளிது.